அண்ணே என்று கூப்பிட்டவன்

நான் சத்தமாகப் பேசுகிறவன் அல்ல. எங்கள் பள்ளி அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ஸ்டீபன் சார் தண்ணீர் கேட்பதுகூட மன்னிப்புக் கேட்பதுபோல இருக்கும் என்று. ராயப்பனிடம் மட்டும் கடைசி ஒன்பது மாதம் உரக்கப் பேசினேன். அவனுக்குக் காது நன்றாகவே கேட்டது.

இருபத்திரண்டு வருடம் நாங்கள் எதிரெதிர் மேசையில் எழுத்தர்கள். அவன் எனக்கு மாப்ள, நான் அவனுக்கு மாப்ள. போன ஜூனில் புதிய தாளாளர் வந்தார். கம்ப்யூட்டர் வந்த பிறகு எதற்கு இரண்டு பேர், மார்ச்சுக்குப் பிறகு ஒருவர் போதும் என்றார். யார் என்று சொல்லவில்லை. பார்த்து முடிவு செய்கிறேன் என்றார்.

அடுத்த திங்கட்கிழமை ராயப்பனை "அண்ணே" என்று கூப்பிட்டேன்.

"ஏன் மாப்ள, நான் எப்படா ஒனக்கு அண்ணனானேன்?"

"அம்பத்தாறு ஆயிருச்சுல்ல. வயசுக்கு மரியாதை வேணாமாண்ணே?"

அவன் சிரித்தான்.

நான் செய்தது மரியாதை மட்டுமே. தாளாளர் வரும்போது அவனுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன். மாடியில் பழைய பதிவேட்டை எடுக்க எழுந்தால், "நீங்க ஏறாதீங்கண்ணே, மூச்சு வாங்கும்" என்று முந்திக்கொண்டேன். அவன் இரண்டிரண்டு படியாக ஏறுகிறவன். அவன் எழுதும் மாற்றுச் சான்றிதழ்களை எல்லோர் முன்னாலும் வாங்கி நிதானமாகப் படித்தேன். பிழை இருக்காது. ஆனாலும், "பரவாயில்லண்ணே, நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவைத்தேன்.

மரியாதை தொற்றிக்கொள்ளும். கம்ப்யூட்டர் ஆசிரியர் ஆலன் தீபாவளிக்குள் அவனைப் பெருசு ஆக்கிவிட்டான். "பெருசு, மவுச நல்லா அமுக்குங்க, அது கடிக்காது" என்பான். நாங்கள் எல்லோரும் சிரிப்போம். ராயப்பனும் சிரிப்பான். கிறிஸ்துமஸுக்குப் பிறகு அவன் மட்டும் சிரிக்கவில்லை.

ஜனவரியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியேறினான். பிப்ரவரியில் ஒரு மாணவியின் பெயரை எழுதி என்னிடம் நீட்டினான். முனீஸ்வரி. அந்தப் பெயரை நூறு சான்றிதழிலாவது எழுதியிருப்பான்.

"சரியாத்தான் இருக்கா ஸ்டீபன்?"

மாப்ள நின்றுபோயிருந்தது.

மார்ச்சில் அவனே விலகல் கடிதம் எழுதிக் கொடுத்தான். அவன் மகளுக்குக் கல்லூரிப் படிப்பு இன்னும் இரண்டு வருடம் பாக்கி. என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லாட்டி நான் செஞ்ச தப்பு எம்புட்டு வெளிய வந்திருக்கும்" என்றான்.  

அவனைக் கிழவனாக்கியது நான்தான். ஒப்புக்கொள்கிறேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சான்றிதழில் எனக்கு ஐம்பத்தைந்து. கொட்டாம்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் என்னை எட்டு வயதில்தான் பள்ளியில் சேர்த்தார்கள். வாத்தியார் ஐந்து என்று போட்டு, பிறந்த தேதி ஜூன் ஒன்று என்று எழுதினார். அந்த வருடம் சேர்ந்த எல்லோருக்கும் ஜூன் ஒன்றுதான். ஞானஸ்நானப் பதிவேட்டில் என் நிஜ வயது இருக்கிறது. ராயப்பனின் ஊரில் அவன் அப்பாவே வாத்தியார் என்பதால் மகனுக்கு உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டார். முறைப்படி அவன்தான் என்னை அண்ணே என்று கூப்பிட்டிருக்க வேண்டும். இரண்டு வயது வித்தியாசம்.

போன வாரம் மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் அவனைப் பார்த்தேன். ஒரே டவுன் பஸ்ஸில் ஏறினோம். நல்ல கூட்டம். கல்லூரிப் பெண் ஒருத்தி சட்டென்று எழுந்து என் முழங்கையைத் தொட்டாள்.

"தாத்தா, நீங்க உக்காருங்க."

ராயப்பன் என்னைப் பார்த்தான். வெகுநாளைக்குப் பிறகு அவன் உதட்டில் சிரிப்பு வந்தது.

"அந்தப் புள்ள ஒங்களத்தாண்ணே சொல்லுது" என்று உரக்கச் சொல்லி, அவன் தோளை அழுத்தி உட்காரவைத்தேன். இறங்கும்வரை கம்பியைப் பிடித்தபடி பக்கத்திலேயே நின்றேன். முட்டி லேசாக வலித்தது.

பாவம், இந்தக் காலத்துப் பிள்ளைகள். போனையே பார்த்துப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.