மாடத்திலிருந்து நீண்ட இரண்டு விரல்

என் பெயர், தகப்பனார் பெயர், விலாசம் ஆகியவை முதல் பக்கத்தில் எழுதியுள்ளபடி சரி. வயது நாற்பத்தொன்று. சட்டமன்ற நேரலையில் காது கேளாதவர்களுக்காகச் சைகை மொழியில் பெயர்த்துச் சொல்வது என் தொழில். டிவியின் மூலையில் சின்னக் கட்டத்துக்குள் கையை ஆட்டிக்கொண்டிருக்கும் பெண் நான்தான். இந்த வழக்கில் நான் எதிரி. சபையில் யாரும் பேசாததைக் காட்டி, சபையின் மாண்பைக் கெடுத்துவிட்டேன் என்பது என் மேல் உள்ள புகார்.

நான் என் அக்கா வீட்டில் குடியிருந்து வருகிறேன். அக்காவின் வீட்டுக்காரர் தகடு அடிக்கும் கம்பெனியில் வேலை செய்தவர். அங்கே இயந்திரம் இறங்கி அடிக்கும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. முதலில் அவருக்குப் பிள்ளைகள் பேசுவது கேட்காமல் போனது, அதன் பிறகு அக்கா பேசுவது, அதன் பிறகு எதுவுமே கேட்கவில்லை. "என் பேச்சுக்கு இந்த வீட்டுல மரியாதையே இல்ல" என்று அக்கா ஆரம்பத்தில் சண்டைதான் போட்டாள். விஷயம் புரிந்த அன்று அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தவள், சாயங்காலம்வரை எழுந்திருக்கவில்லை. காது போனது வயதினால்தான் என்று கம்பெனி டாக்டர் எழுதிக்கொடுத்தார், நஷ்டஈடு கிடையாது என்று கம்பெனி சொல்லிவிட்டது. அதன் பிறகு அவருக்கும், அவரைப் போலவே காது போய் வேலையிலிருந்து அனுப்பப்பட்ட மற்றவர்களுக்கும் தொழிலாளர் சங்கக் கட்டடத்தில் வைத்து நான் சைகை கற்றுக்கொடுத்தேன்.

இவர்கள் காது வலிக்கிறது என்று முறையிட்ட காலத்தில் கம்பெனி ஒருவரை அனுப்பியது. அவர் ஆளுக்கு இரண்டு பஞ்சு உருண்டை கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். அன்று முதல் அவர் பெயர் பஞ்சு. சைகையில் ஒருவரை அவருடைய அடையாளத்தை வைத்துத்தான் சொல்வோம். காதுக்குள் விரலால் எதையோ திணிப்பது போலக் காட்டினால் எங்கள் ஆட்களுக்கு அது அவர்தான்.

அதன் பிறகு தேர்தல் வந்தது. எங்கள் தொகுதியில் நின்றவர் சங்கக் கட்டடத்துக்கு ஓட்டுக் கேட்டு வந்தார். மேடை ஏறும் முன் என்னைக் கூப்பிட்டு, "ஏம்மா, நான் உங்க கூடவே நிப்பேன்னு கையால எப்படிச் சொல்றது? அது ஒண்ணை மட்டும் கத்துக்குடு, மத்ததை நான் பாத்துக்குறேன்" என்றார். கற்றுக்கொடுத்தேன். தப்பில்லாமல் செய்தார். எல்லோரும் இரண்டு கையையும் தூக்கி விரல்களை அசைத்தார்கள். கைதட்டுவதற்குப் பதில் நாங்கள் செய்வது அது. அக்கா வீட்டுக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர் ஜெயித்தார். ஆலை இரைச்சல் பற்றிய மசோதா சபைக்கு வந்தபோது தன் பெயரில் மூன்று திருத்தங்கள் கொடுத்தார். இரைச்சலுக்கு எல்லை வைக்க வேண்டும், காதுக்கவசம் கம்பெனி செலவில் தர வேண்டும், காதைச் சோதிப்பவர் அரசு டாக்டராக இருக்க வேண்டும் என்பவை அவை. மூன்றாவது நிறைவேறினால் அக்கா வீட்டுக்காரரும் மற்றவர்களும் மறுபடி சோதனைக்குப் போய் நஷ்டஈடு கேட்கலாம். அதனால் சம்பவத்தன்று சங்கக் கட்டடத்தில் எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

நான் சபாநாயகர் இருக்கைக்குப் பின்னால் உள்ள கண்ணாடி அறையில் நின்றேன். அங்கிருந்து உறுப்பினர்களின் முகமும், பக்கவாட்டில் மேலே பார்வையாளர் மாடமும் நன்றாகத் தெரியும். மாடத்தின் முன் வரிசையில் பஞ்சு உட்கார்ந்திருந்தார். முதல் திருத்தத்துக்கு மேற்படி உறுப்பினரை அழைத்தார்கள். எழுந்தவர் வாயைத் திறக்காமல் மாடத்தைப் பார்த்தார். பஞ்சு கைப்பிடிக் கம்பியின் மேல் இரண்டு விரலை நீட்டினார். அதன் பிறகு உறுப்பினர் "திரும்பப் பெறுகிறேன்" என்றார். கை அசைவதைப் படிப்பது என் பிழைப்பு, யார் மூக்கைச் சொறிந்தாலும் என் கண் அங்கே போய்விடும். ஆனாலும் தற்செயல் என்று விட்டுவிட்டு, அவர் வாயால் சொன்னதை மட்டும் காட்டினேன். இரண்டாவது திருத்தத்துக்கும் அதே பார்வை, அதே விரல், அதே "திரும்பப் பெறுகிறேன்". அதன் பிறகு வேறொரு உறுப்பினர் புதிய பிரிவு ஒன்றைப் படிக்க எழுந்தார். அவரும் மேலே பார்த்தார். பஞ்சு உள்ளங்கையைக் கம்பியில் மெதுவாக வைத்தார். பிரிவு நிறைவேறியது. கவசம் என்பதற்குப் பதில் தகுந்த பாதுகாப்புப் பொருள் என்று அதில் இருக்கிறது. பஞ்சு உருண்டை கொடுத்தாலும் இனி சட்டப்படி சரி.

மூன்றாவது திருத்தத்துக்கும் மேற்படி உறுப்பினர் எழுந்து மேலே பார்த்தார், விரல் நீண்டது. எனக்கு ஆத்திரத்தில் தொண்டை அடைத்துக்கொண்டது. நல்லவேளை, என் வேலைக்குத் தொண்டை தேவையில்லை. உறுப்பினர் மாடத்தைப் பார்க்கிறார், பஞ்சு இரண்டு விரல் காட்டுகிறார், உறுப்பினர் திரும்பப் பெறுகிறார் என்று காட்டினேன். முன்பு நடந்ததையும் சேர்த்துச் சொன்னேன். அதன் பிறகு சபை கலையும்வரை யார் யார் மேலே பார்த்தார்கள், கிடைத்தது விரலா உள்ளங்கையா என்று ஒன்று விடாமல் காட்டினேன். சபையில் ஒருவருக்கும் விளங்கவில்லை. சபாநாயகர் வெளியே போகும்போது என்னைப் பார்த்து, நல்ல வேலை என்பது போலத் தலையசைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை தொழிலாளர்கள் மேற்படி உறுப்பினரின் அலுவலக வாசலில் போய் நின்றார்கள். கோஷம் போடவில்லை, கல் எறியவில்லை. ஆளாளுக்கு இரண்டு விரலைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். வெளியே வந்தவர் வெற்றிச் சின்னம் காட்டுகிறார்கள் என்று நினைத்து, தானும் சிரித்தபடி இரண்டு விரல் காட்டினார். யாரும் சிரிக்கவில்லை. உதவியாளர் அவர் காதில் ஏதோ சொன்னார், அதன் பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றே என் மேல் புகார் வந்தது.

ஆய்வாளர் என்னிடம், "அவர் வாயால சொன்னதைக் காட்டுறதுதானேம்மா உன் வேலை? வேடிக்கை பாத்ததையெல்லாம் எதுக்குச் சொன்னே?" என்று கேட்டார். அதற்கு நான், "அந்தச் சபையில என்ன நடக்குதுன்னு காது கேக்காதவங்களுக்குச் சொல்லத்தான் சார் எனக்குச் சம்பளம். அன்னைக்கு அங்க நடந்தது அதுதான்" என்றேன். இதை எழுத வேண்டாம் என்று அவர் ஏட்டையாவிடம் சொன்னார். எழுதினால்தான் கையெழுத்துப் போடுவேன் என்று சொல்லிவிட்டேன்.

புகாரோடு சபை அலுவலகம் நேரலைப் பதிவையும் கொடுத்திருக்கிறது. அதில் நான் என்ன சொன்னேன் என்று படிக்கக் காவல் துறையில் ஆள் இல்லை. தொழிலாளர்களைக் கேட்கலாம் என்றால் அவர்கள் என் பக்கத்து ஆட்கள். அரசுப் பட்டியலில் உள்ள சைகை மொழிபெயர்ப்பாளர் நான் ஒருத்திதான். இன்னொருவரை நியமியுங்கள் என்று நான் கேட்கும்போதெல்லாம் பார்க்கலாம், பார்க்கலாம் என்று சொல்லியே காலத்தை ஓட்டினார்கள். அதனால் ஆய்வாளர் என்னையே கணினி முன்னால் உட்காரவைத்து, என் குற்றத்தை எனக்கே மொழிபெயர்க்கச் சொன்னார். மொழிபெயர்த்தேன். "நீ சொல்றது நெசம்னு நான் எப்படிம்மா நம்புறது?" என்றார். "நம்பலேன்னா என் மேல கேஸே இல்ல சார். நம்புனீங்கன்னா, யார் மேல போடணும்னு நீங்களே பாத்துக்குங்க" என்றேன். அவர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

அதன் பிறகு பதிவை நிறுத்தப் போனார். இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்று நான்தான் சொன்னேன். சபை கலைந்த பிறகு, கட்டம் மறைவதற்குள் என் கை இன்னொன்றையும் சொல்கிறது. அதை அங்கே யாரும் பேசவும் இல்லை, விரலால் காட்டவும் இல்லை. அது டிவி முன்னால் உட்கார்ந்திருந்த அக்கா வீட்டுக்காரருக்கு நான் சொன்னது. "மாமா, நம்மள வித்துட்டாரு. நாளைக்கு எல்லாரையும் கூட்டிக்கிட்டு அவர் வாசல்ல போய் நில்லுங்க." புகாரில் இது இல்லை. நான் சொல்லாமல் விட்டிருந்தால் இது யாருக்கும் தெரிந்திருக்காது. சபையில் நடக்காததை நான் காட்டியது இந்த ஒன்றுதான். இதற்கு வழக்குப் போடுவதானால் போடட்டும், எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

மேலே எழுதியதை ஆய்வாளர் வாசிக்க, நான் கேட்டேன். வாசிக்க வாசிக்க, வெளியே பெஞ்சில் இருந்த அக்கா வீட்டுக்காரருக்கு ஜன்னல் வழியாகக் கையால் சொன்னேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. எல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, நான் சொன்னது எல்லாம் உண்மை.

(ஒப்பம்)