ஆயாம்மா மேல தப்பு இல்ல

அந்த ஆயாம்மாவ முதல்ல வீட்டுக்கு அனுப்புங்க மேடம். மத்தியானத்துலருந்து ஸ்டேஷனுக்கு வெளிய பெஞ்சுல உக்காந்து அழுதுக்கிட்டு இருக்காங்க. உள்ள வரும்போது பாத்தேன், ஒரு கால்லதான் செருப்பு இருக்கு. குழந்தைங்க காப்பகத்துலருந்து அப்படியே இழுத்துட்டு வந்தீங்களா? சரி, கூட்டிட்டு வந்தீங்க. காசு வாங்கிட்டுப் பிள்ளையத் தூக்கிக் குடுத்துட்டாங்கன்னு அவங்க மேல எழுதப் போறீங்களாமே. அதுக்குத்தான் வந்தேன்.

நிக்கறேனே, பரவால்ல. சரி சரி, உக்காந்துட்டேன்.

ஆமா, பிள்ள கிடைச்சிருச்சு. பஸ் ஸ்டாண்டுல அவ அப்பன் மடியில தூங்கிக்கிட்டு இருந்துச்சாம். இப்ப வீட்டுலயும் தூங்குது. அக்காதான் கதவுக்குக் குறுக்க நாற்காலியப் போட்டு உக்காந்திருக்கா. எந்திரின்னா எந்திரிக்க மாட்டேங்கறா. நான் அவ தம்பி மேடம், பிள்ளைக்குத் தாய்மாமன். நாலு மணி நேரம் தெருத்தெருவா ஓடினதுல ரெண்டு காலும் விட்டுப் போச்சு. கத்திப் பேசக்கூடத் தெம்பில்ல, பயப்படாதீங்க.

பெத்த அப்பன்தானேன்னா? அப்பன்தான். அக்கா கைய ஒடிச்ச அப்பன். ரெண்டு பிள்ளையும் ஒரு பையுமா அவ எங்க வீட்டுக்கு வந்து அஞ்சு மாசம் ஆகுது. வாசல்ல பைக் சத்தம் நின்னா பெரியவ இன்னும் கட்டிலுக்கு அடியில போயிடறா. சின்னவளுக்கு ரெண்டு வயசு. யாரு கைய நீட்டினாலும் தாவிடுவா. அவன் கிட்டயே வரக்கூடாதுன்னு கோர்ட்டு பேப்பர் இருக்கு, உங்ககிட்டயும் ஒரு காப்பி குடுத்தோமே.

இப்ப ஆயாம்மா விஷயம். காப்பக வாசல்ல ஒரு போன் வச்சிருக்காங்க. பிள்ளையக் கூப்பிட யாரு வந்தாலும் அவங்க அட்டைய அதுல காட்டணும். பச்சை வந்தா பிள்ளைய அனுப்பணும், சிவப்பு வந்தா அனுப்பக்கூடாது. அவங்களுக்குச் சொன்னது அவ்வளவுதான். இன்னிக்கு அவன் அட்டையக் காட்டினப்ப பெரியவளுக்குச் சிவப்பு, சின்னவளுக்குப் பச்சை. என்னடா இது, ஒண்ணுக்கு மட்டும் வருதேன்னு உள்ள போய்க் கேட்டிருக்காங்க. பச்சைன்னா அனுப்ப வேண்டியதுதானே, உனக்கென்னன்னு சொல்லிட்டாங்களாம். அந்தப் போனுக்கு உள்ள ஓடறத எழுதினது எங்க ஆபீஸ்.

நான் ஸ்கூல பாதியில விட்டவன்தான். அதுக்கும் இதுக்கும் என்ன மேடம் சம்பந்தம்? ரூபின்னு ஒரு மொழி, கம்ப்யூட்டருக்கு எழுதறது. நானாப் பாத்துக் கத்துக்கிட்டேன். அங்க என் வேலை பொய்க் குடும்பம் செய்யறது. சிரிக்காதீங்க. மத்தவங்க எழுதினது சரியா ஓடுதான்னு பாக்கணும்ல, அதுக்கு இல்லாத பிள்ள, இல்லாத அப்பா அம்மா எல்லாம் நான் செஞ்சு குடுப்பேன். டெஸ்ட் டேட்டாம்பாங்க.

அந்தப் பேனாவக் குடுங்க. இந்தப் பக்கம் பிள்ளைங்க, அந்தப் பக்கம் பெரியவங்க. ஒரு பிள்ளைய மூணு பேர் கூப்பிட வரலாம், அம்மா, பாட்டி, நான். ஒரே ஆளு மூணு பிள்ளையக் கூட்டிட்டும் போகலாம். அதனால நடுவுல தனியா ஒரு பட்டியல். இவளுக்கு இவன், அவளுக்கு இவன்னு ஒவ்வொண்ணும் ஒரு கோடு. கோடு இருந்தா பச்சை. இல்லன்னா சிவப்பு.

இத டெஸ்ட்டுக்குச் செய்யறதுதான் தலவலி. முதல் வாரம் பிள்ள செய்யும்போதே அப்பாவையும் செய்னு எழுதினேன், அப்பா செய்யும்போதே பிள்ளையையும் செய்னு எழுதினேன். பிள்ள அப்பாவக் கேக்குது, அப்பா பிள்ளையக் கேக்குது, அரை நிமிஷத்துல நாலாயிரம் அப்பா. மெஷின் மூச்சு முட்டிப் படுத்துருச்சு. ஆபீஸே விழுந்து விழுந்து சிரிச்சுச்சு. எங்க சீனியர், கண்ணாடியக்கான்னு கூப்பிடுவோம், அவங்கதான் பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுத்தாங்க. முதல்ல பிள்ளைங்கள வை, அப்புறம் பெரியவங்கள வை, கடைசியா நீயே உன் கையால கோடு போடு, மெஷின் இஷ்டத்துக்கு விடாதேன்னு.

வந்துட்டேன் மேடம், விஷயத்துக்குத்தான் வரேன்.

மூணு வாரம் முன்னாடி அக்கா போன்ல அவன் பேர நீக்கினா. நீக்கினா அவனோட எல்லாக் கோடும் போகணும். ஆனா எங்காள் ஒருத்தர் எழுதினது, கண்ணுல பட்ட முதல் கோட்ட அழிச்சிட்டு வேலை முடிஞ்சுதுன்னு சொல்லிருச்சு. பெரியவ கோடு போச்சு. சின்னவ கோடு அப்படியே இருந்துச்சு. அவனுக்கு அது எப்படியோ தெரிஞ்சிருக்கு, இல்ல சும்மா வந்து காட்டிப் பாத்திருக்கான்.

அன்னிக்கு அக்கா கேட்டா. நெசமாவே போயிருச்சாடா, இனிமே அவனால வர முடியாதுல்லன்னு. அதுக்கு டெஸ்ட் எழுதினதே நான்தான்டி, நிம்மதியாத் தூங்குன்னு சொன்னேன். அவளும் அன்னிக்குத்தான் ஒழுங்காத் தூங்கினா.

இல்ல மேடம், நான் எழுதின டெஸ்ட் பாஸ் ஆச்சு. அதான் விஷயமே.

கண்ணாடியக்கா சொன்னது ஒரே வரி. ஒரு அப்பாவ வை, ரெண்டு பிள்ளைக்கும் அவனையே கோடு போடு, அப்புறம் நீக்கிப் பாருன்னாங்க. பேரு யோசிக்கச் சோம்பல்பட்டு எங்க வீட்டு ஆளுங்களையே போட்டேன். பெரியவ, சின்னவ, அக்கா. பெரியவளுக்கு அப்பான்னு அவன் பேர அடிச்சேன். சின்னவகிட்ட வந்ததும் கை ஓடல. இவளாவது அவனுக்குப் பிள்ளையா இல்லாம இருக்கட்டுமேன்னு வாய்க்கு வந்த ஒரு பேர அவளுக்கு அப்பாவாப் போட்டேன். ரெண்டு பிள்ளைக்கு ரெண்டு அப்பா, ஆளுக்கு ஒரு கோடு. அவன நீக்கினேன், அவனுக்கு இருந்த ஒரு கோடும் போச்சு. எல்லாம் பச்சை, டெஸ்ட்டுல பச்சைன்னா பாஸ்.

எழுதுங்க மேடம், ஏன் நிறுத்திட்டீங்க? ஆயாம்மா பேர அடிச்சிட்டு இத எழுதுங்க. ரெண்டு பிள்ளைக்கும் ஒரே அப்பாவப் போடச் சொன்னாங்க. நான் போடல.