உட்கார்ந்து செய்கிற வேலை

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. வெயிலில் வந்திருக்கிறீர்கள், மோரைக் குடித்துக்கொண்டே கேளுங்கள். ஒரு கதை சொல்கிறேன். பொய் கலக்காத கதை.

யாரையும் நிற்கவைத்து வேலை வாங்க எனக்குப் பிடிக்காது. அதிலும் பிள்ளைத்தாச்சிகளை.

திருக்கழுக்குன்றம் சாலையில் எங்கள் வீட்டை ஒட்டியே நெல் அவிக்கும் களம் இருந்தது. அவித்த நெல்லைப் பரப்பி, பெண்கள் காலாலேயே துழாவிக்கொண்டு வெயிலில் நடப்பார்கள். பொழுதுக்கும் நடைதான். முழுகாமல் இருப்பவளுக்கு அது ஆகுமா? அதனால் எவளுக்கு வயிறு தெரிந்தாலும் அவளை அடுப்பு வாயில் மணை போட்டு உட்காரவைத்துவிடுவேன். தீ தள்ளுவது மட்டும்தான் வேலை. வேறு எந்தக் களத்திலும் அந்த இரக்கம் கிடையாது. "சாரதாம்மா களத்துல புள்ள பெத்துக்கற வரிக்கும் நாம மகாராணிடீ" என்று பெண்கள் பேசிக்கொள்வார்கள்.

முதலில் உமிதான் எரித்தோம். செங்கல் சூளைக்காரர்கள் உமியைத் தேடி வர ஆரம்பித்ததும் அதை அவர்களுக்கு விற்றுவிட்டு, செருப்புக் கம்பெனிகள் கழித்துப் போடும் ரப்பர்த் துண்டுகளை வாங்கி எரித்தேன். நன்றாக எரியும். புகைதான் கொஞ்சம் கறுப்பு. என் புடவைகளைக் காயப்போடும் கொடியைப் பின்கட்டுக்கு மாற்றிக்கொண்டேன்.

ஜோதிலட்சுமி என்று ஒருத்தி. லாரியில் மூட்டை ஏற்றும் எல்லப்பனின் பெண்சாதி. முதல் பையன் குமார் வயிற்றில் இருந்தபோது அடுப்படியில்தான் இருந்தாள். பிள்ளை சின்னதாகப் பிறந்தான். நடக்க நாளாயிற்று. மற்ற பிள்ளைகள் கூடப் பிறந்தவர்களோடு வாய்ச்சண்டை போடும் வயதில், அவன் வாயில் "ம்மா" தவிர வேறு சொல் வரவில்லை.

தொண்ணூற்றேழில் அவள் மறுபடி முழுகாமல் இருந்தாள். அப்போதுதான் என் மகள் ஹேமாவதியையும் வளைகாப்பு முடித்துத் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வந்திருந்தேன். ஜோதி என்னிடம் வந்து நின்றாள்.

"யம்மா, கொமார டாக்டரம்மாகிட்ட காட்னேன். நீ முழுகாம இருக்கசொல்லோ இன்னா பொகைல இருந்தேன்னு கேட்டாங்க. ரப்பர்னு சொன்னதும் கைல கீற பேனாவ வெச்சிட்டாங்க. வயித்துல கீற புள்ளைக்கு மூளை வளர்ச்சியவே கெடுத்துடுமாம். இந்தத் தபா நான் வெயில்லயே நின்னுக்கறேம்மா. நெல்லு தள்றேன்."

"எல்லப்பன் மட்டும் இன்னாடி, வாயத் தொறந்து நாலு வார்த்த பேசி நீ கேட்டுக்கீறியா? அப்பன் மாதிரி புள்ள. போ, போய்க் குந்து" என்றேன்.

களத்தில் எல்லோரும் சிரித்தார்கள். ஜோதியும் சிரித்தாள். சிரித்துவிட்டு மணையை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே வேன் பிடித்து, ஹேமாவதியைக் கடப்பாக்கத்தில் இருக்கும் என் தங்கை வீட்டுக்கு அனுப்பினேன். தாய்வீட்டுக்கு அனுப்பிய பெண்ணை வளையல் கையோடு இன்னொரு வீட்டில் விடுவதா என்று சம்பந்தி முகம் சுளித்தார்கள். அவளுக்குக் கடல்காற்று ஆசை என்றேன்.

மறுநாள் ஜோதி கேட்டாள். "ஹேமாக்கா ஏம்மா போயிடுச்சி?"

"இங்க வெக்கை தாங்கல அதுக்கு."

"ஆமாம்மா. பூ மாதிரி வளந்த ஒடம்பு" என்று சொல்லி, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ரப்பரைத் தள்ளினாள்.

அவளை எழுப்பியிருக்கலாமே என்பீர்கள். எழுப்பினால் ஏன் என்று அடுத்தவள் கேட்பாள். பிறகு அந்த மணையில் யார் உட்காருவார்கள்?

ஜோதிக்குப் பெண் பிறந்தது. சாரதா என்று என் பெயரையே வைத்தாள். என் மேல் அவளுக்கு அவ்வளவு நன்றி. என் பேத்தி, ஹேமாவதியின் மகள் ஸ்வாதி, இன்று பள்ளிக்கூட மேடையில் நின்று பாடுகிறாள். அவளைவிடச் சில மாதமே இளைய இந்தச் சாரதா, களத்து ஓரம் உட்கார்ந்து ஒரே கல்லை எடுப்பாள், வைப்பாள், எடுப்பாள். நான் போகும்போதெல்லாம் "சாரதா" என்று கூப்பிடுவேன். என் பெயரை நானே சொல்லிக் கூப்பிடுவேன். திரும்ப மாட்டாள்.

எனக்குத் தெரியுமா என்று கேட்கத்தானே வந்தீர்கள், கண்ணுகளா? தெரியும். என் பெண்ணை வேனில் ஏற்றும்போதே தெரியும். ஆனால் ஒன்று. ஜோதியை ஒரு நாளாவது நான் நிற்கவைத்தேன் என்று யாரையாவது சொல்லச் சொல்லுங்கள்.

மோரை மீதி வைக்காதீர்கள். நன்றாக இருங்கள். உங்கள் வீட்டில் தொட்டில் ஆடட்டும். உங்கள் வீட்டுப் பிள்ளைத்தாச்சிகளுக்கு எந்நாளும் உட்கார்ந்து செய்கிற வேலையே கிடைக்கட்டும்.