மூண்டாம் நாள் விளக்கு

இல்லை இல்லை, இஞ்ஞாசி அண்ணை, உள்ளுக்கை போகாதேங்கோ. மண்டபத்துக்குப் பொறுப்பான ஆளெண்டு, பாட்டுச் சத்தம் கூடிப்போச்சோ எண்டு பாக்கத்தானே வந்தனீங்கள்? இன்னும் துடங்கவே இல்லை, பேந்தென்ன சத்தம். இந்தக் கதிரையிலை இருங்கோ. வடை கொண்டந்தனான், சூடாக் கிடக்கு. புது எண்ணெய், புதுத் தாச்சி. இந்த யூதச் சனம் சாப்பாட்டிலை கண்டிப்பான ஆக்கள், அதாலை எல்லாம் புதுசு. இந்தப் பண்டிகைக்கு எண்ணெயிலை பொரிச்சதுதான் சாப்பிடோணுமாம். எங்களுக்கெண்டே வந்த பண்டிகை, என்ன?

ஓம், நோட்டீசிலை ஆறு மணியெண்டுதான் போட்டது. அவை நேரத்துக்குத் துடங்கிற ஆக்கள்தான், இல்லையெண்டேல்லை. எங்கடை விழாவெண்டால் ஆறெண்டு போட்டு எட்டுக்கு வருவம், அதுக்குப் பிறகு ஒன்பது பேர் தலைமையுரை. இண்டைக்கு அவைக்கும் எங்கடை தமிழ்க்கடையள் இருக்கிற லா சப்பல் காத்துப் பட்டுட்டுது எண்டு வையுங்கோவன்.

இந்த வடையையும் எடுங்கோ. ரெண்டு எடுங்கோ அண்ணை, வேலை நேரமெண்டால் வயித்துக்கென்ன.

சுவரிலை கிடக்கிற அந்த அறிவித்தல் போட்டை எனக்கு வாசிச்சுக் காட்டவேண்டாம், வாசிச்சிட்டன். மண்டபத்துக்குள்ளை நெருப்புக் கூடாது. கற்பூரம் கூடாது. மெழுகுதிரி கூடாது. நீங்களே எழுதி நீங்களே ஆணி அடிச்சது. போன மாசம் அந்தப் பிள்ளை பெரியபிள்ளையான சாமத்தியவீட்டிலை ஆலாத்தித் தட்டோடை நிண்ட பொம்பிளையளை அப்பிடியே வெளியிலை விட்டனீங்களெண்டு கடையிலை ஒரே கதை. பிள்ளை சீலையோடை மழைக்கை நிண்டதாம். உங்களைக் குறை சொல்லேல்லை. சட்டமெண்டால் சட்டம். ஒருத்தருக்கும் விட்டுக்குடுக்கமாட்டியள், அதுதான் எனக்கும் பயம். பயமெண்டு சும்மா சொன்னன். மரியாதை.

மதாம் ஜெர்மேனுக்கும் உங்கடை போட் தெரியும். அதாலைதான் மின்சார விளக்கு வாங்கி வந்தவ. அவதான் இண்டைக்கு விழா வைக்கிற யூதச் சங்கத்தின்ரை தலைவி, எழுவது வயசு, எங்களை விடக் கெதியா நடப்பா. அவவின்ரை கந்தோர் அறையளைத்தான் எங்கடை ஜெகா கூட்டித் துடைக்கிறவள். ஓம், என்ரை மனுசி ஜெகதீஸ்வரிதான். ஒருநாள் ஆரும் இல்லையெண்டு நினைச்சு, நிலத்தைத் துடைச்சுக்கொண்டு பாடியிருக்கிறாள். மதாம் கதவுக்குப் பின்னாலை நிண்டு கேட்டிருக்கிறா. அப்பிடியே எங்கடை பாட்டுக் குழுவுக்கு வா எண்டு கூட்டிக்கொண்டு போட்டா.

பாடுறது யூத ஆக்களின்ரை பழைய பாசையிலை அண்ணை, இத்திஷ் எண்டு சொல்லுவினம். தொண்டைக்குள்ளை இருந்து காறிக் காறிச் சொல்லோணும். வீட்டிலை இவள் பாடிப் பழக, நான் தடிமன் எண்டு நினைச்சு மூண்டு நாள் கொத்தமல்லித் தண்ணி அவிச்சுக் குடுத்தன். அவளும் குடிச்சுப்போட்டுத் திரும்பவும் காறத் துடங்கினாள். மகன் பிரசாந்தன் வந்துதான் அப்பா, அது நோயில்லை, பாட்டு எண்டவன்.

நீங்கள் சிரிக்கிறியள். எனக்கு அப்ப ஒரு மாதிரித்தான் இருந்தது. இந்த ஊரிலை எங்கடை ஆக்கள் எத்தினை விழா வைக்கினம். ஒரு நாளும் ஜெகாவைப் பாடக் கேட்டதில்லை. அக்கா, நூறு பேருக்குச் சோறு எண்டு மட்டும் ரெலிபோன் வரும். இண்டைக்குத்தான் முதல் தரம் நோட்டீசிலை அவளின்ரை பேர். பாருங்கோ, கிளாரினெட் மார்செல், ஊட் எண்ட தந்தி வாத்தியம் வாசிக்கிற இஸ்ரேல்காரப் பிள்ளை, அதுக்குக் கீழை ஜெகதீஸ்வரி. ஒரு எழுத்தும் பிழையில்லை. இது மட்டும் குழம்பிப்போச்செண்டால் அவள் இனி வாயே திறக்கமாட்டாள். எனக்கு அது தெரியும்.

உள்ளுக்கையோ? சும்மா நிக்கினம். சுவரிலை படங்கள் மாட்டிக் கிடக்கு, பாத்துக்கொண்டு நிக்கினம். இருங்கோ, மார்செலின்ரை கதை சொல்லுறன். போன கிழமை ஒத்திகையிலை அவன் என்ன மாதிரி ஊதினான் தெரியுமே? எனக்குக் கண் கலங்கீட்டுது. ஒரு கலைஞனைச் சும்மா விடேலுமே? கொண்டுபோன பொன்னாடையை அப்பிடியே போத்திவிட்டன். பாட்டு முடியுமட்டும் நிக்கோணுமெண்டு எனக்குத் தோன்றேல்லை. குஞ்சம் போய்க் கிளாரினெட்டின்ரை கட்டையளுக்குள்ளை மாட்டுப்பட்டு, அவன் ஒரே சுரத்திலை கத்திக்கொண்டு நிக்கிறான். நான் இழுக்க அவன் இழுக்க, கடைசியிலை கத்தரிக்கோலாலை வெட்டித்தான் எடுத்தது.

மணக்குதோ? நல்லெண்ணெய் மணமோ? அது வடை அண்ணை.

வடைக்கு நல்லெண்ணெய் ஊத்துவினமோ எண்டு கேட்டால்... நான் ஊத்துவன். விடுங்கோ. போன வருஷம் மதாமின்ரை வீட்டிலை நடந்ததைக் கேளுங்கோ, சிரிச்சுச் சாவியள். இதே பண்டிகை. மேசையிலை பழைய பித்தளை விளக்கு, எட்டுக் கிண்ணம், நடுவிலை உயரமா ஒண்டு. என்ன வடிவு. ஆனால் ஒரு கிண்ணத்திலையும் எண்ணெய் இல்லை. நல்லநாள் பெருநாளிலை காய்ஞ்ச விளக்கு வைக்கலாமே? எனக்கு மனம் கேக்கேல்லை. வீட்டுக்கெண்டு வாங்கின நல்லெண்ணெய்ப் போத்தல் பையிலை கிடந்தது, ஜெகாவின்ரை மேக்கப் பஞ்சு இருந்தது. திரி திரிச்சுப் போட்டு, ஒன்பதையும் கொளுத்தி, கும்பிட்டுப்போட்டு நிண்டன். மதாம் வந்து பாத்திட்டு அப்பிடியே கதிரையிலை இருந்திட்டா.

பிழை என்னெண்டால், அது எட்டு நாள் பண்டிகை. முதல் நாள் ஒண்டு, ரெண்டாம் நாள் ரெண்டு, அப்பிடிக் கூட்டிக்கொண்டு போகோணுமாம். நடுவிலை உயரமா நிக்கிறது மற்றதுகளைக் கொளுத்திறதுக்கு மட்டும். அண்டைக்கு மூண்டாம் நாள். நான் பண்டிகையை ஒரேயடியா முடிச்சு வைச்சிட்டன்.

சரி நூத்துவிடு எண்டு மார்செல் என்னைப் பாக்கிறான். நான் எப்பிடி அண்ணை விளக்கை வாயாலை ஊதுறது? எங்கடை வீட்டிலை அப்பிடிச் செய்தால் அடி விழும். பூவாலை ஒத்தி நூக்கிறது எங்கடை வழக்கம், பூவுக்கு எங்கை போறது. நீங்கள் ஊதுங்கோ மதாம் எண்டன். அவ ரெண்டு கையாலையும் மாட்டன் எண்டா. அவையும் ஊதக்கூடாதாம், அது தானா எரிஞ்சு முடியோணுமாம். அப்ப எல்லாரும் சுத்திவர நிண்டு விளக்கைப் பாத்துக்கொண்டு நிக்கிறம். நானும் கஞ்சத்தனம் பாக்காமல் விளிம்பு மட்டும் ஊத்தியிருக்கிறன்.

என்ன கேட்டனீங்கள்? ஒரு வீட்டுக்குப் போறதுக்கு ஜெகா ஏன் மேக்கப் பஞ்சு கொண்டு போனவளோ? பொம்பிளையள் எல்லாத்துக்கும் கொண்டு போவினம் அண்ணை. உங்களுக்கு இந்தக் கேள்வியெல்லாம் எங்கையிருந்து வருது. இருங்கோ, எழும்பாதேங்கோ. உங்களிலை எனக்கு ஒரு பயம்தான் இருக்கு. நீங்கள் வேதக்காரர், கோயிலிலையும் மெழுகுதிரி, பிறந்தநாள் கேக்கிலையும் மெழுகுதிரி. ஒரே ஊதிலை ஊதிப்போட்டுப் போயிடுவியள். உள்ளுக்கை நிக்கிற அவ்வளவு பேரும் நெஞ்சிலை கை வைச்சிடுவினம். அதுக்குப் பிறகு எல்லாரையும் வெளியிலையும் விட்டிடுவியள்.

எந்த விளக்கை ஊதுறதோ? பொறுங்கோ.

கேக்குதே? கிளாரினெட். முடிஞ்ச உடனை மார்செல் அதை ஒருக்கா ஊதிக் காட்டுறனெண்டு சொன்னவன். அப்ப முடிஞ்சுது. அப்பாடா. இனி எழும்புங்கோ அண்ணை, தாராளமாப் போய்ச் சத்தத்தைப் பாருங்கோ.

எண்ணெய்தான் முடிஞ்சுது, வேறென்ன. போன வருஷமெண்டு சொன்னன், அது இண்டைக்கு. நீங்கள் வரேக்கை ஒன்பதும் எரிஞ்சுகொண்டு நிண்டது. மின்சார விளக்கு பெட்டிக்குள்ளை கிடக்கு. பித்தளை விளக்கை மதாம் சும்மா பார்வைக்குத்தான் வைச்சவ, நான்தான் எண்ணெய் ஊத்திக் கொளுத்தினது. பாட்டுக் கேட்டால் நீங்கள் வருவியளெண்டு எல்லாரும் மூச்சு விடாமல் நிண்டவை, ஜெகா அழுகிற நிலையிலை. உன்ரை வாயை வைச்சாவது உந்த ஆளை மறி எண்டு அவள்தான் என்னை வெளியிலை தள்ளினவள்.

ஸ், இப்ப பேசாதேங்கோ. பாட்டு முடிய எவ்வளவெண்டாலும் பேசுங்கோ, அடுத்த விழாவுக்கு மண்டபம் இல்லையெண்டும் சொல்லுங்கோ, நான் கேக்கிறன். இது அவளின்ரை குரல். மெதுவா வாங்கோ, உந்த விளக்கிலை மட்டும் கை வைச்சிடாதேங்கோ, இன்னும் சுடும்.