சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு அதிகாரம்

காபி இருக்கட்டும்மா, நீங்க ஆரம்பிச்சதைச் சொல்லி முடிங்க. என் வீட்டுக்காரர் மரினுஸ் தவறிப் போயி அஞ்சு வாரமாச்சு, அவர் ரூமுக்கு வேற ஆள் வந்தாச்சு, இன்னும் எதுக்கு தெனம் மத்தியானம் வந்து நாலாம் மேசையில உக்கார்றீங்கன்னு கேக்கறீங்க. அதானே? கேளுங்க. இந்த முதியோர் இல்லத்துக்கு மேனேஜர் நீங்க, கேக்க வேண்டியவங்கதான்.

ஆனா நான் வர்றதை நிறுத்த மாட்டேன். அதை மொதல்லயே சொல்லிடறேன்.

நீங்க ரோட்டர்டாம்காரங்க. எங்க ஸீலாந்துப் பக்கம், சாப்பிட்டு முடிச்சதும் வேதத்துல ஒரு அதிகாரம் வாசிச்சு, ஜெபம் பண்ணி, ஆமென் சொன்னாத்தான் மேசைய விட்டு எழும்புவோம். அடுப்புல பால் பொங்கி வழிஞ்சாலும் சரி, எழும்ப மாட்டோம். மரினுஸ் இங்க இருந்த ரெண்டு வருஷமும் நாந்தான் வந்து வாசிச்சேன். அவருக்கு மட்டுமா, மேசையில இருந்த எல்லாருக்கும்.

அடக்கம் நடந்த வாரம் நான் வரல. என்ன ஆச்சுன்னு உங்க நோட்டுலயே இருக்குமே. அதே மேசையில உக்கார்ற கொர்னேலிஸ் கிண்ணத்தை வழிச்சுச் சாப்பிட்டுட்டு, கையைக் கோத்துக்கிட்டு உக்காந்தவரு சாயங்காலம் வரைக்கும் எழும்பல. இங்க வேலை பாக்கற உங்க புள்ளைங்க, அவருக்கு முட்டி பிடிச்சுக்கிச்சுன்னு நெனச்சு, பிசியோதெரபி பண்றவரை வரவழைச்சுட்டாங்க. அவரும் மூணு தரம் காலை மடக்கி நீட்டிப் பாத்தாராம். அம்பது வருஷம் படகுல நின்னு சிப்பி அள்ளின காலும்மா அது, அதுக்கு ஒண்ணுமில்ல. யாரும் வாசிக்கல, அவ்ளோதான்.

ஆமா, பக்கத்து மேசை ஹார்ம் புகார் குடுத்திருக்காருன்னு தெரியும். அவருக்குக் கடவுள் நம்பிக்கை கெடையாது. உன் ஆண்டவர் மரினுஸுக்கு என்னத்தைக் கிழிச்சாருன்னு மூஞ்சிக்கு நேராவே கேட்டாரு. கேக்கட்டும். ஆனா போன வாரம், வேதத்துல இன்னார் இன்னாரைப் பெத்தான்னு வெறும் பேரா வர்ற எடத்தை நான் நைசா தாண்டினப்ப, ஏய், ஒரு பக்கத்தை முழுங்கிட்டியேன்னு சத்தம் போட்டது யாரு? அவரேதான்.

சரி, கொரலைக் கொறைச்சுக்கறேன். கதவையும் சாத்திக்கறேன். அதுக்கு மேல ஒண்ணும் கொறைக்கறதா இல்ல.

என்னது? வீட்டுலயே வாசிக்கலாமேன்னா?

வீட்டுல வாசிக்கறதில்லம்மா. அடக்கம் முடிஞ்சு வந்த அன்னிக்கு, எனக்கு மட்டும் நாலு உருளைக்கெழங்கு அவிச்சேன். தின்னேன். ஆண்டவரே, உம்மோட எனக்கு இனிமே பேச்சு இல்லன்னுட்டு, எழும்பிப் போயி தட்டைக் கழுவினேன். ஆமென் சொல்லாம எழும்பினது, இந்த எழுபத்திரெண்டு வயசுல அதான் மொதல் தரம். இன்னிய வரைக்கும் அந்த வீட்டுல வேதம் மூடித்தான் கெடக்கு. என் புள்ளைங்களுக்குக்கூடத் தெரியாது.

இங்க வந்தா கொர்னேலிஸ் என் கையையே பாத்துக்கிட்டிருக்காரு. என் சண்டைக்கு அந்த மனுஷனைப் பட்டினியாட்டம் உக்கார வைக்க முடியுமா? தொறக்கறேன். மொதல் ரெண்டு வசனம் கோவத்துலதான் வாசிக்கறேன். அப்புறம் எங்கயோ மூச்சு சீராயிடுது.

நாள்ல அந்தக் கால் மணி நேரம்தாம்மா, ஆண்டவரும் நானும் பேசிக்கறது.