பன்னிரண்டு கட்டப் பலகை

எனக்குப் படம் வரைய வரும் என்பது ஐம்பத்திரண்டு வயதில்தான் தெரிந்தது, ஷர்மின் டீச்சர். கண்டுபிடித்துச் சொன்னவர் நீங்கள். அந்த நன்றிக்காகத்தான் இந்தக் கடிதம். இல்லாவிட்டால் என் பாட்டுக்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன்.

போன வாரம் காமயகவுண்டன்பட்டிக்குத் துக்கம் விசாரிக்க வந்தபோது, என் வீட்டுக்காரருக்காக நான் செய்த படப்பலகையை மடியில் வைத்து வெகுநேரம் பார்த்தீர்கள். இதே மாதிரி நாற்பது அச்சடித்து, பேச்சு நின்றுபோனவர்கள் இருக்கிற வீடுகளுக்குக் கொடுக்கப் போவதாகச் சொன்னீர்கள். கீழே 'ராமுத்தாய்' என்று என் பெயரையும் போடுவீர்களாம். அச்சுக்குக் கொடுக்கும் முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

2007 ஆடியில் அவருக்கு வலது கையும் காலும் விழுந்தன. பேச்சும் போனது. புத்தி மட்டும் தெளிவாக இருந்தது, இடது கையும் மிஞ்சியது. படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்காக உத்தமபாளையத்தில் சனிக்கிழமைகளில் நீங்கள் பட்டறை நடத்துவதைக் கேள்விப்பட்டு டவுன் பஸ் ஏறி வந்தேன். நான் திரும்பும் வரை நாத்தனார் மொக்கம்மாள் தம்பிக்குத் துணை இருந்தார். களிமண் பிசைந்தோம், மூச்சை இழுத்து விட்டோம், கொஞ்சம் அழுதோம். அனுமந்தன்பட்டிக்காரி ஒருத்தி மாமியாரைத் திட்டிக்கொண்டே அழகான யானை ஒன்று செய்தாள். வயிறு குலுங்கச் சிரித்தேன். நான் அப்படிச் சிரித்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

ஐந்தாவது சனிக்கிழமைதான் படப்பலகை. தண்ணீர், சோறு, போர்வை, மின்விசிறி என்று ஒவ்வொன்றாக அட்டையில் வரையச் சொன்னீர்கள். வலியை மட்டும் முதல் கட்டத்தில் ஒட்ட வேண்டும், கை சட்டென்று போகிற இடம் அதுதான் என்றீர்கள். நான் அன்றே வலியை வரைந்துவிட்டேன். மற்றதெல்லாம் வீட்டில் வரைந்தேன்.

எனக்கு அந்தப் படத்தை வரைய யாரையும் பார்க்கத் தேவையில்லை. 1979 பங்குனியில் எங்கள் தோட்டத்தில் திராட்சை அறுப்பு. கேரளாவுக்குப் போகிற லாரி பந்தல் ஓரம் நின்றது. எனக்கு நிறைமாதம், முதல் நாள் காலையிலேயே வலி கண்டுவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள் என்று இரண்டு நாள் அவரிடம் கேட்டேன்.

"வலி வலின்னு எத்தன தடவதான் சொல்லுவ? லோடு ஏறட்டும். வாய மூடிக்கிட்டுக் கெட," என்றார்.

லோடு ஏறியது. பிள்ளை வயிற்றிலேயே இறந்திருந்தது. கர்ப்பப்பையையும் எடுத்துவிட்டார்கள். அதைக்கூட விதி என்று விட்டிருப்பேன். ஆனால் துக்கத்துக்கு வந்த ஒவ்வொருவரிடமும், "அவ ஒண்ணுமே சொல்லலயே. சொல்லியிருந்தா தூக்கிட்டு ஓடியிருக்க மாட்டனா?" என்றார். என் காதுபடச் சொன்னார். ஊரும் நம்பியது. இருபத்தெட்டு வருஷம் நான் ஒன்றுமே சொல்லாதவளாக அந்த வீட்டில் சமைத்துப் போட்டேன்.

பலகையில் பன்னிரண்டு கட்டம்தான் அடங்கியது. படம் பதின்மூன்று இருந்தது. ஒன்றை விட வேண்டியிருந்தது, விட்டேன். முதல் கட்டத்தில் திராட்சைக் குலையை ஒட்டினேன். போன வாரம் நீங்கள்கூட அந்தக் குலையைத்தான் பாராட்டினீர்கள்.

பலகை வருவதற்கு முன்னால் எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்து எதையாவது புரிந்துகொண்டார்கள். அது வந்த பிறகு யாரும் முகத்தைப் பார்க்கவில்லை, விரலைத்தான் பார்த்தார்கள். விரல் தொட்டதை அவரே வாய்விட்டுச் சொன்னதாக எடுத்துக்கொண்டார்கள். அது இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அவர் முனக ஆரம்பித்தார். பலகையை நீட்டினேன். விரல் ஒவ்வொரு கட்டமாக அலைந்து, திரும்பி வந்து, கடைசியில் சோற்றில் நின்றது. பிறகு தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினார். மொக்கம்மாள் பக்கத்தில்தான் இருந்தார்.

"அவுக பசின்னு சொல்றாக மதினி," என்றேன்.

"ஆமா, பாவம். குடு," என்றார்.

கொடுத்தேன். வாந்தியாக வந்தது. துடைத்துவிட்டு, மறுபடி சோற்றைக் காட்டியபோது மறுபடி கொடுத்தேன். புதன்கிழமையும் அப்படித்தான்.

வியாழக்கிழமை மத்தியானம் வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். பலகையை நீட்டினேன், தள்ளிவிட்டார். இடது கையை மெல்ல நீட்டி என் வயிற்றின் மேல் வைத்தார். ஆபரேஷன் தழும்பு இருக்கும் இடம். அப்படியே என் முகத்தைப் பார்த்தார். கண்ணில் நீர் வழிந்தது. படமே இல்லாமல் அவர் சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லிவிட்டார். எனக்கும் புரிந்தது, டீச்சர். புரியவில்லை என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்.

அந்தக் கையை எடுத்துப் பலகையின் மேல் வைத்தேன். "இதுல காட்டுங்க," என்றேன். விரல் சோற்றின் மேல் விழுந்தது. கஞ்சியை ஆற்றி ஊட்டினேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில், குடல் முறுக்கி அழுகிவிட்டது, மூன்று நாளாக உயிர் போகிற வலி இருந்திருக்குமே என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. மொக்கம்மாள்தான் பதில் சொன்னார்: "தம்பி ஒண்ணுமே சொல்லலயே சார்."

எத்தனை வருஷமாக நான் காத்திருந்த வார்த்தை அது. அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

இந்த உறைக்குள் ஓர் அட்டை இருக்கிறது. திராட்சைக் குலையை எடுத்துவிட்டு, நீங்கள் சொன்னபடியே இதை முதல் கட்டத்தில் வைத்து அச்சடியுங்கள். நாற்பது வீட்டுக்காரர்கள் எனக்கு ஒரு பாவமும் செய்யவில்லை. கடிதத்தை யாரிடம் கொடுப்பது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். நான் வீட்டில்தான் இருப்பேன். ஒன்று மட்டும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்: அவர் பலகையில் காட்டிய எதையும் நான் ஒரு நாளும் இல்லை என்று சொன்னதில்லை.