லைல் கூம்ப்ஸ் மீது கொதிக்கும் கிரேவி ஊற்றியது பற்றி

என் பெயர் ஆர்வல் டீட்டர், தகப்பனார் ஹோமர் டீட்டர், காலமாகிவிட்டார். என் வயது அறுபத்தாறு. ஒஹையோ மாநிலம் அயண்டனுக்கு வடக்கே மலைச்சாலையில் குடியிருக்கிறேன். செங்கல் ஆலையில் சூளை வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல போலீஸ் டெபுடி ஹானா ஸ்ப்ரேக் எழுதிக்கொள்கிறார்.

என் மனைவி ஆர்டித்துக்கு அறுபத்தொரு வயதில் மார்பில் புற்றுநோய் கண்டது. ஆலை கொடுத்த காப்பீட்டில் அவளுக்கும் சேர்த்து மருந்து ஏற்றி வந்தார்கள். அதன் பின்னர் எனக்கு அறுபத்தைந்து நிறைந்தது. அவளுக்காக மேலும் சில வருடம் வேலை பார்ப்பதாகத்தான் இருந்தேன். அப்போது அவள் தம்பி லைல் கூம்ப்ஸ், காப்பீட்டு ஏஜெண்ட், சர்ச்சின் கீழ்த்தளத்தில் வயதானவர்களுக்கு இலவச விருந்து வைத்து எங்களையும் அழைத்தான். வேலையை விட்டுவிட்டு முதியோருக்கு அரசாங்கம் தரும் மெடிகேர் காப்பீட்டில் தன் மூலம் சேரும்படி சொன்னான். ஆர்டித்துக்கு என்ன வழி என்று கேட்டேன்.

"பஸ்ஸுல ஒரு டிக்கெட் போதும் மச்சான். அக்கா உங்க மடியில உக்காந்து வரட்டும்" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். ஆர்டித்தும் சிரித்தாள். நான் வேலையை விட்டேன்.

அதன் பின்னர் மருந்து ஏற்றப் போனபோது, மெடிகேர் எனக்கு மட்டும்தான், அறுபத்தைந்து ஆகாத மனைவிக்குக் கிடையாது என்று திருப்பி அனுப்பினார்கள். லைலிடம் சொன்னதற்கு, "நான் பாத்துக்கறேன், சும்மா நச்சரிக்காதீங்க" என்றான். வேலைக் காப்பீடு போனவர்கள் வேறு வாங்குவதற்கான இரண்டு மாத அவகாசம் அப்படியே கழிந்தது. இனி ஜனவரிக்குத்தான் என்றார்கள். ஏழைகளுக்கான அரசாங்கக் காப்பீட்டைக் கேட்டேன், என் ஓய்வூதியம் அதற்கு அதிகமாம். ஆலையில் என் இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். கட்டி உடைந்து நாற்றமெடுத்தது. எங்கள் நாய் அவள் அறைக்குள் வருவதை நிறுத்திக்கொண்டது.

"என் தம்பியக் கொற சொல்லாத. அவன் படிச்சவன். நீதான்யா எரும" என்றாள். அக்டோபரில் இறந்தாள். சவப்பெட்டியின் முன்பக்கத்தை லைல்தான் தூக்கினான்.

அதன் பின்னர் போன வியாழக்கிழமை அதே கீழ்த்தளத்தில் மறுபடி விருந்து வைத்தான். வீட்டில் சமையல் இல்லாததால் சாப்பிடப் போனேன், வேறு எண்ணம் இல்லை. லைல் என் தோளில் கை போட்டுக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து, "இவரு எங்க அக்கா புருஷன். எங்கிட்டதான் இன்சூரன்ஸ் எடுத்தாரு. ஒரு கொற சொல்லச் சொல்லுங்க பாப்போம்" என்றான்.

"உங்க அக்கா எங்கடா?" என்றேன்.

"அது கடவுள் முடிவு மச்சான். சாப்பிடுங்க, ஆறிடப்போகுது."

கிரேவி அடுப்பின் மேல்தான் இருந்தது. பாத்திரத்தோடு தூக்கி அவன் முகத்தில் ஊற்றினேன். அதன் பின்னர் உட்கார்ந்து என் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தேன். போலீஸ் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

அவனுக்கு வலது கண் போய்விட்டதென்று டெபுடி சொன்னார். இடது கண்ணைப் பற்றிக் கேட்டேன். இருக்கிறதாம்.

எழுதியதை எனக்கு உரக்கப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, யாரும் மிரட்டவில்லை. நடந்ததற்கு வருந்துகிறேன் என்று ஒரு வரி சேர்த்தால் கோர்ட்டில் உதவும் என்றார் டெபுடி. வேண்டாம் என்றேன். இதுவரை சொன்னது முழுக்க உண்மை, கடைசியில் பொய் சேர்க்க வேண்டியதில்லை.

X
(ஆர்வல் டீட்டர் இட்ட குறி)